ஸில்லித் தீவுகளில் அயல்நாட்டுச் செடிகள்

இங்கிலாந்து தேசத்தின் தென்மேற்குக் கோடியில் லாண்ட்ஸ் எண்ட் என்னும் முனை இருக்கின்றது. அம்முனையிலிருந்து அட்லாண்டிக் மகாசமுத்திரத்தில் சுமார் 28 மைல் சென்றால் ஸில்லித் தீவுகள் என்னும் சிறு தீவுக் கூட்டத்தை அடையலாம். அவற்றுள் ஜனங்கள் வசிப்பவை ஸெயிண்ட் மேரிஸ், டிரெஸ்கோ, ஸெயிண்ட் மார்ட்டின்ஸ், பிரையர், ஸெயிண்ட் ஆக்னஸ் என்னும் ஐந்தேயாம். எல்லாத் தீவுகளையும் ஒன்றுசேர்த்தாலும் நிலப்பரப்பு ஏறத்தாழ 4,000 ஏக்கர்தான். 2021ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அங்கே வசிப்போர் சுமார் 2,100 பேர். நம் நாட்டு நடுத்தரக் கிராமம் ஒன்றின் அளவே என்று வைத்துக்கொள்ளலாம். இத்துணைச் சிறிய இடத்தைப்பற்றி நமது ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கு எழுதுவானேன் என்றால், அங்கே அயல்நாட்டுச் செடிகளைக் குடியேற்றிய வரலாற்றில் கடலோரக் குடியானவர் ஒவ்வொருவரும் அறியத்தக்க விஷயம் ஒன்று உண்டு.

இத்தீவுகள் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 50ஆவது டிகிரியில் இருக்கின்றன. அதே அட்ச ரேகையில் அமைந்த கானடா தேசத்து வின்னிபெக் நகரில் ஜனவரி மாதத்தில் நிலமும் நீரும் கல்லாக உறைந்து கிடக்கும். ஸில்லியிலோ அம்மாதத்துச் சராசரி உஷ்ணம் சுமார் 46 டிகிரி பாரன்ஹீட். உறைபனி விழுவது அபூர்வம். நான்கு புறமும் சூழ்ந்த சமுத்திரம் கோடையில் வாங்கிய உஷ்ணத்தைக் குளிர்காலம் முழுவதும் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றது. தென்மேற்கிலிருந்து வரும் காற்றும், அட்லாண்டிக்கில் வடகிழக்காக ஓடும் வெதுவெதுப்பான நீரோட்டமும் அதற்குத் துணை செய்கின்றன. ஆயினும் இதை உஷ்ணப் பிரதேசம் என்று எண்ணிவிடலாகாது. அவர்களுடைய கோடைகாலப் பகற்பொழுது, நம் சோழமண்டலக் கரையின் மார்கழி இரவைவிடச் சற்றுக் குளிர்ந்ததாகவே இருக்கும். கடுங்குளிரும் இல்லை, கடும் வெயிலும் இல்லை, அவ்வளவே.

இத்தகைய சீதோஷ்ண ஸ்திதி வாய்த்த இடத்தில் எதை நட்டாலும் தழைக்கும் என்று தோன்றலாம். ஆனால் 1834ஆம் வருஷத்தில் அகஸ்டஸ் ஸ்மித் என்பவர் கார்ன்வால் டச்சி என்னும் பண்ணை நிர்வாகத்தாரிடமிருந்து இத்தீவுகளைக் குத்தகைக்குப் பெற்று வந்தபோது, டிரெஸ்கோவில் மரம் என்று சொல்லத்தக்கது அரிதாகவே இருந்தது. காரணம் காற்று. குளிர்காலப் புயல்கள் அட்லாண்டிக்கிலிருந்து தடையின்றி வந்து மோதுகின்றன. அலைத்துளிகளைக் காற்று வாரி நிலத்தின்மீது இறைக்கும்போது, அவற்றிலுள்ள உப்பு இலைகளில் படிந்து அவற்றைக் கருக்கிவிடுகின்றது. கடலின் அருகாமை தரும் வெதுவெதுப்பை அதே கடலின் காற்று பறித்துக்கொள்ளுகின்றது என்று சொல்லலாம்.

அக்காலத்தில் ஜனங்களின் நிலைமையும் செடிகளின் நிலைமையைப்போலவே இருந்தது. கடற்பாசியை எரித்துச் சாம்பலாக்கிக் கண்ணாடி, சோப்புத் தொழில்களுக்கு விற்றுவந்த ஜீவனம் நசித்துவிட்டது. நிலமோ, தகப்பனுக்குப்பின் பிள்ளைகள் பாகம் பிரித்துப் பிரித்து ஒரு குடும்பத்தின் கஞ்சிக்கும் போதாத துண்டுகளாகிவிட்டது. இது நமக்குத் தெரியாத கதையன்று. ஸ்மித் துண்டுகளை ஒன்றாக்கி, இனிப் பாகம் பிரிக்கலாகாது என்று தடுத்தார். பள்ளிக்கூடம் வைத்து, பிள்ளை வந்தால் வாரத்திற்கு ஒரு பென்னி, வராவிட்டால் இரண்டு பென்னி என்று சம்பளம் விதித்தாராம். இங்கிலாந்தில் பொதுவாகக் கட்டாயக் கல்வி ஏற்பட்டது 1880ஆம் வருஷத்தில்தான். இவையெல்லாம் நன்மையே. ஆனால் நிலமில்லாத இளைய பிள்ளைகள் ஊரைவிட்டுப் பிழைக்கப் போகவேண்டியதாயிற்று. ஸாம்ஸன் என்னும் சிறு தீவில் வறுமையில் வாடிய கடைசிக் குடிகளை 1855இல் அவர் அப்புறப்படுத்தி, அங்கே மான் வளர்க்க முயன்றார். மான்கள் தங்கவில்லை, தப்பியோடிவிட்டன. ஒருவர் உத்தரவினால் நடந்த இச்சீர்திருத்தத்தை, அங்கத்தினர் கூடித் தாமே தீர்மானித்து நடத்துவதற்கு ஒப்பாக நான் கருதவில்லை.

தோட்டத்தின் விஷயத்துக்கு வருவோம். டிரெஸ்கோவில் பழைய கிறிஸ்தவ சந்நியாசி மடம் ஒன்றின் இடிந்த சுவர்கள் நின்றன. ஸ்மித் அவற்றையொட்டித் தமது வீட்டையும் தோட்டத்தையும் அமைத்தார். முதலில் அவர் அபூர்வச் செடி எதையும் தேடவில்லை. உயர்ந்த மதில்களை எழுப்பினார். காற்றைப் பொருட்படுத்தாத கோர்ஸ் என்னும் முட்புதரின் விதையைத் தெளித்தார். அதன் மறைவில் மரக்கன்றுகளை வைத்தார். காலப்போக்கில் கலிபோர்னியாவின் மான்ட்டெரே கடற்கரையைச் சேர்ந்த ஸைப்ரஸ், பைன் என்னும் இரு மரங்களே இத்தீவுக்கு ஏற்றவை என்று தெரியவந்தது. அவை தம் சொந்த நாட்டிலேயே கடற்காற்றை எதிர்த்து நிற்பவை, உப்புக்கு அஞ்சாதவை. ஸ்மித் 1872இல் காலமானபின், அவருடைய சகோதரரின் மகன் தாமஸ் அல்ஜர்னன் டோரியன்-ஸ்மித் இம்மரங்களைப் பெருவாரியாக நட்டுத் தோட்டத்தைச் சுற்றி அரண்போல் வளர்த்தார்.

அந்த அரணுக்குள்தான் அயல்நாட்டுச் செடிகள் வந்தன. லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தினின்றும் கிடைத்தன. கப்பல் மார்க்கமாகவும் வந்தன. இன்று சுமார் 17 ஏக்கர் கொண்ட அத்தோட்டத்தில், தென்னாப்பிரிக்காவின் புரோட்டியாவும், ஆஸ்திரேலியாவின் பாங்க்ஸியாவும், கேனரித் தீவுகளின் பனையும், மெக்ஸிகோவைச் சேர்ந்த ரயில் கற்றாழையும் கண்ணாடிக் கூரையின்றி வெட்டவெளியில் வளருகின்றன. சரிவான நிலத்தில் படிப்படியாக அமைந்த இத்தோட்டத்தில், வறண்டு வெயில்படும் மேற்படிகளில் ஆப்பிரிக்க, ஆஸ்திரேலியச் செடிகளையும், ஈரமும் நிழலும் தங்கும் கீழ்ப்பாகத்தில் நியூஸீலந்துச் செடிகளையும் வைத்திருக்கிறார்கள். பதினேழு ஏக்கருக்குள்ளேயே இடமறிந்து நடுவதற்கு இவ்வளவு வித்தியாசம் உண்டு.

வேலி எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் இதில் பலர் தவறு செய்கின்றனர். காற்றை முற்றிலும் தடுக்கும் கெட்டிச் சுவர் நல்லது என்று நினைக்கிறோம். சுவரில் மோதிய காற்று மேலே ஏறி, மறுபுறத்தில் சுழன்று இறங்கிப் பயிரைச் சாய்த்துவிடும். பாதிக் காற்றைத் தடுத்து மீதியை இலைகளின் வழியாக வடிகட்டிவிடும் உயிர்வேலியே உத்தமம். அப்படிப்பட்ட வேலி, தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை நல்ல மறைவு கொடுக்கும். இருபது மடங்கு தூரம்வரை ஓரளவு பயன் தெரியும். பத்தடி உயர வேலியானால் நூறடி தூரத்துக்குப் பயிர் பத்திரம் என்று கணக்கிடலாம். வேலியில் ஓரிடத்தில் சந்து விட்டாலோ, காற்று அவ்வழியே முன்னிலும் வேகமாகப் பாயும். வேலியே இல்லாத நிலத்தைவிட அந்தச் சந்துக்கு நேரே உள்ள பயிர் அதிகம் கெடும்.

சீமானுடைய தோட்டத்தில் இது சரி, குடியானவனுக்கு என்ன லாபம் என்ற கேள்வி எழும். விடை பூவில் இருக்கின்றது. ஸில்லிக் குடியானவர்கள் முன்பு மற்ற ஊர்களுக்கு முந்தி விளையும் உருளைக்கிழங்கை விற்றுவந்தனர். பிற தீவுகளின் போட்டியால் விலை குறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், தோட்டத்து மூலைகளில் தானாகப் பூத்துக் கிடந்த நார்ஸிஸஸ் பூக்களில் ஒரு சிறு பெட்டி நிரம்பக் கட்டி லண்டன் சந்தைக்கு அனுப்பியவருக்கு எதிர்பாராத கிரயம் கிடைத்தது என்று தீவில் வழங்கும் வரலாறு கூறுகின்றது. வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைத்து, கொத்துக் கொத்தாக மணமுள்ள பூப்பூக்கும் செடி அது. இங்கிலாந்தின் உட்பகுதியில் பங்குனியில் பூக்கும் இனங்கள்போலன்றி, இங்கே குளிர்காலத்தின் நடுவிலேயே மலருகின்றது. ஒருவரிடமும் பூ இல்லாத காலத்தில் தன்னிடம் இருப்பதுதான் இதன் விலைக்குக் காரணம். டோரியன்-ஸ்மித் ஹாலந்து முதலிய தேசங்களுக்குச் சென்று கிழங்கு வளர்க்கும் முறைகளைப் பார்த்துவந்து, நல்ல கிழங்குகளையும் தருவித்தார்.

பூந்தண்டு மிக மெல்லியது. ஓர் இரவுப் புயலில் ஒரு வயல் முழுவதும் முறிந்துவிடும். ஆகவே குடியானவர்கள் தங்கள் நிலத்தைச் சிறுசிறு பாத்திகள்போல வகுத்து, ஒவ்வொன்றையும் சுற்றி உயிர்வேலி வைத்தனர். வேலிச் செடிகளும் அயல்நாட்டவையே: ஜப்பான் தேசத்து யுவானிமஸ், தென்னமெரிக்காவின் எஸ்கலோனியா, நியூஸீலந்தின் வெரோனிகாவும் பிட்டாஸ்போரமும். யுவானிமஸும் எஸ்கலோனியாவும் போத்தை வெட்டி நட்டாலே வேர் பிடிப்பவை. இலைகள் தடித்து வழவழப்பாகவோ, அடியில் பஞ்சுபோன்ற ரோமம் உடையனவாகவோ இருப்பதால் உப்புத் துளியைத் தாங்குகின்றன. இன்று கப்பலிலிருந்து பார்ப்பவருக்கு அவ்வயல்கள், உயர்ந்த பச்சைச் சுவர்களையுடைய அறைகளை வரிசையாக அடுக்கியதுபோல் தோன்றும்.

அரை ஏக்கர் நிலத்தில் நான்கு புறமும் வேலி வைத்தால் நிலம் வீணாகாதா? ஆகத்தான் செய்யும். வேலியின் வேர் பயிரின் உரத்தைத் தின்னும், நிழல் விழும், ஆண்டுதோறும் கத்தரிக்க ஆள் வேண்டும். இவற்றையெல்லாம் அறிந்தே அவர்கள் வேலியை வைத்தனர். பத்துச் சால் போனால் போகட்டும், மிகுந்த சால்களில் பூ நிற்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. மேலும் ஒருவன் வேலி அடுத்தவன் வயலுக்கும் மறைவாகின்றது. ஒருவன் வேலியை அழியவிட்டால் அடுத்தவன் பூவும் அழிகின்றது. வரப்பில் நிற்கும் மரத்தின் நிழலுக்காகக் கோர்ட்டுக்குப் போகும் நாம் இதை நிதானமாக யோசிக்கவேண்டும்.

பூச்செய்கையில் அவர்கள் கண்ட இரண்டு உபாயங்களைக் கூறாமல் விடமுடியவில்லை. கோடையில் கிழங்கு நிலத்துக்குள் உறங்கும்போது, மேலே வைக்கோலைப் பரப்பி எரித்தால் பூ சில வாரம் முந்தி வருகின்றது என்று அவர்கள் அனுபவத்தில் கண்டனர். நெருப்பின் சூடே காரணம் என்று முதலில் எண்ணியிருந்தார்கள். உண்மையில் புகையிலுள்ள எதிலீன் என்னும் வாயுவே கிழங்கைத் தூண்டுகின்றது என்பது பின்னர் விளங்கிற்று. இப்போது பாத்தியை மூடிப் புகையை மட்டும் உள்ளே செலுத்துகிறார்கள். நாம் வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்கவைப்பதும் அதே வாயுவின் செயலால்தான். மற்றோர் உபாயம், கிழங்கைத் தின்னும் நூற்புழுவுக்கு மருந்து. 1917ஆம் வருஷத்தையொட்டி ஜே. கே. ராம்ஸ்பாட்டம் என்னும் ஆராய்ச்சியாளர், கிழங்கை 110 டிகிரி பாரன்ஹீட் வெந்நீரில் சுமார் மூன்று மணி நேரம் வைத்தால் புழு மடியும், கிழங்கு பிழைக்கும் என்று காட்டினார். சூடு சிறிது குறைந்தால் புழு பிழைக்கும். சிறிது மிஞ்சினால் கிழங்கு வெந்துபோகும். ஆகையால் உஷ்ணமானி இல்லாமல் கைப்பதத்தில் செய்யக்கூடாத காரியம் இது.

விளைந்த பூ வாடுமுன் லண்டனுக்குப் போய்ச் சேரவேண்டும். தீவிலிருந்து பென்ஸான்ஸ் துறைமுகத்துக்குக் கப்பல், அங்கிருந்து ரயில் என்பது அக்காலத்து வழி. முன்பு கப்பல் விட்டுவந்தவர்கள் தொழிலைக் கைவிட்டபின், தீவு ஜனங்கள் தாமே பங்குகள் எடுத்து 1920ஆம் வருஷத்தில் ஒரு கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தனர். அக்கம்பெனி இன்றும் நடந்து வருகின்றது. இக்காலத்தில் சில குடியானவர்கள் சந்தையை நம்பாமல், பூக்களைச் சிறு பெட்டிகளில் வைத்துத் தபால் மூலம் வாங்குவோர் வீட்டுக்கே அனுப்புகின்றனர்.

அயல்நாட்டுச் செடி வந்தால் அதனுடன் வேண்டாத விருந்தும் வரும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கார்ப்போபுரோட்டஸ் என்னும் சதைப்பற்றுள்ள படர்கொடி தோட்டத்தைத் தாண்டி, மணல்மேடுகளிலும் பாறைகளிலும் பாய் விரித்தாற்போல் படர்ந்து அங்கே பிறந்த சிறு பூண்டுகளை மூடிக்கொல்லுகின்றது. நியூஸீலந்துச் செடிகளோடு அத்தேசத்துக் குச்சிப்பூச்சியும் வந்து டிரெஸ்கோவில் குடியேறிவிட்டது. குச்சி எது பூச்சி எது என்று தெரியாத உருவமுடைய அதனால் பெருங்கேடு ஒன்றுமில்லை. ஆனால் வந்தது கேடற்ற பூச்சியாக இருந்தது அதிர்ஷ்டமேயன்றி ஜாக்கிரதையின் பயனன்று. வெளியூரிலிருந்து நாற்றோ கிழங்கோ தருவிக்கும் நமது சங்கங்கள், அதை ஒரு பருவமேனும் தனிப்பாத்தியில் வைத்துக் கவனித்த பின்பே அங்கத்தினர்களுக்கு வினியோகிப்பது நலம்.

இனி அந்தத் தோட்டத்துக்கு நேர்ந்த ஆபத்தைக் கூறவேண்டும். 1987ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் கிழக்கேயிருந்து வந்த கடுங்குளிர்க் காற்றினால், அபூர்வமாகவே பனி காணும் ஸில்லியில் பனி கொட்டிற்று. உஷ்ணம் உறைநிலைக்கு வெகு கீழே இறங்கிற்று. சாறு நிறைந்த இலைகளெல்லாம் உறைந்து, பனி உருகியபோது அழுகிக் கூழாயின. தோட்டத்துச் செடிகளில் ஐந்தில் நான்கு பங்கு மாண்டன என்று மதிப்பிட்டனர். கியூ முதலிய தோட்டங்களிலிருந்து செடிகள் பெற்று மறுபடி நட்டுவந்த மூன்றாம் வருஷத்திலேயே, 1990 ஜனவரி 25ஆம் தேதி பெரும்புயல் வீசியது. காற்றுக்கென்றே நட்ட ஸைப்ரஸ், பைன் அரணில் பத்தில் ஒன்பது பங்கு மரங்கள் வேரோடு சாய்ந்தன. குளிரில் செத்தவை செடிகள். அவற்றை மறுபடி நட்டுச் சில வருஷங்களில் மீட்கலாம். அரண் விழுந்தால் அதை மீட்க ஒரு தலைமுறை வேண்டும்.

அவ்வளவு மரங்களும் ஒன்றாக விழுந்ததற்குக் காற்றின் வேகத்தை மட்டும் குறை கூறுவதற்கில்லை. பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே காலத்தில் நடப்பட்டவை; ஆகவே ஒரே காலத்தில் மூப்படைந்தன. மேல்மண் ஆழமில்லாத பாறை நிலத்தில் வேர் பக்கவாட்டில்தான் ஓடியது. கிளை கனக்கக் கனக்கப் பிடிப்பு போதவில்லை. அவை நிமிர்ந்து நின்றவரை, இளங்கன்றுகளை அவற்றின் மறைவில் அவ்வப்போது நட்டுவைக்கவேண்டும் என்ற நினைவு எவருக்கும் எளிதில் வராது. நிற்கிற மரத்தைப் பார்த்து, இது விழும் என்று எண்ணி முதல் போடுவது மனித சுபாவமன்று.

புயலுக்குப் பிறகு அங்கே சுமார் 60,000 மரக்கன்றுகளை நட்டனர். அவை தோள் உயரம் வரும்வரை உட்தோட்டத்துச் செடிகள் பல காற்றில் அடிபட்டன. இப்போது அம்மரங்கள் முப்பது வயதைக் கடந்து ஓங்கி நிற்கின்றன. புரோட்டியாக்கள் மறுபடி பூக்கின்றன.

நம் கீழ்க்கடற்கரையிலும் நிலைமை அதிகம் வேறுபட்டதன்று. மணலில் நிற்கும் சவுக்கு வேற்றுக் கரையிலிருந்து வந்த மரம். முந்திரி பிரேசில் தேசத்தது. 2011 டிஸம்பர் 30ஆம் தேதி வீசிய தானே புயலில் கடலூர் ஜில்லாவில் முந்திரித் தோப்புக்களும் பலா மரங்களும் சாய்ந்து கிடந்ததைக் கண்டவர்கள், டிரெஸ்கோவின் 1990ஆம் வருஷத்தை எளிதில் மனத்தில் காணக்கூடும். ஒரு தோப்பு முழுவதும் தாத்தா வைத்த மரமாகவே இருந்த குடும்பங்களுக்கு, ஓர் இரவில் வருமானம் முழுவதும் நின்றுபோயிற்று.

கடலோரச் சங்கங்கள் காற்று வேலி வைப்பதாயின், ஊர் முழுவதற்கும் ஒரே வருஷத்தில் வைத்து முடிக்கவேண்டியதில்லை. காற்று வரும் திக்குக்குக் குறுக்கே, கடற்பக்கத்தில் சவுக்கு இரண்டு மூன்று வரிசை. அதன் உட்புறத்தில் பூவரசு, புங்கு போன்ற வேறு இனங்கள் ஒன்றிரண்டு வரிசை. வேலியின் நீளத்தைப் பத்துப் பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்கு வீதம் நட்டு வந்தால், ஒரே வயதுள்ள மரங்கள் எல்லாம் ஒன்றாக மூப்படைவதற்கு இடமிராது. பத்தாவது வருஷம் முடிந்ததும் முதற்பங்குச் சவுக்கில் ஒரு வரிசையை வெட்டி விற்றுவிட்டு, அந்த இடத்திலேயே கன்று வைக்கலாம். விற்ற பணம் அடுத்த பங்கின் கன்றுக்கும் காவலுக்கும் ஆகும். வெட்டும் வரிசை எப்போதும் உட்புறத்ததாக இருக்கவேண்டும். கடலை நோக்கி நிற்கும் முதல் வரிசையில், அதன் பின்னால் வைத்த கன்று தலைக்கு மேல் வளருமுன் கோடரி படலாகாது. பங்குதாரர் யார் யார், எந்தப் பங்கில் யார் தண்ணீர் ஊற்றுவது, ஆடு மேய்ந்தால் அபராதம் எவ்வளவு என்பனவற்றைக் கன்று வாங்குவதற்கு முன்னமே சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளவேண்டும்.